காந்தம் வளைத்த மின்னல்

இடி முழங்குகிறது. மின்னல் வெட்டுகிறது. “அர்ச்சுனா! அர்ச்சுனா!” என்று காதைப் பொத்திக் கொள்கிறது ஒரு கூட்டம். இந்திரன் ஏந்திய வச்சிராயுதம் என்கிறது புராணம். கிரேக்கர்க்கு அது சீயசின் படைக்கலம்; வடபுலத்து மக்களுக்குத் தோரின் சம்மட்டி வீச்சு. நாட்டுக்கு நாடு ஆண்டவன் பெயர் மாறியது. ஆனால், நடுக்கம் மட்டும் மாறவில்லை!

அந்த மின்னலை மேசைமீது இறக்கினான் மனிதன். காந்தம் காட்டி அதை வளைத்தான். இறுதியில் வயலுக்கு உரம் செய்யும் வேலையை அதனிடம் ஒப்படைத்தான். அச்சத்தை அறிவு வென்ற அந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மெழுகுதிரி வணிகரின் மகனாகப் பிறந்து, அச்சுத் தொழில் பழகியவர் பெஞ்சமின் பிராங்கிளின். மின்னல் என்பது மின்சாரமே என்று கூறி, 1752-ஆம் ஆண்டு பட்டம் விட்டுச் சோதித்தார். கூரைமேல் ஓர் இரும்புக் கோல். அதிலிருந்து மண்ணுக்கு ஒரு கம்பி. வீடு பிழைக்கும் என்றார். பிழைக்கும் வழி கிடைத்ததே என்று மகிழ வேண்டிய மக்கள் என்ன செய்தனர்? பிரான்சு நாட்டில் சென்டோமர் என்னும் ஊரில், 1780-இல் ஒருவர் தம் வீட்டின்மேல் இடிதாங்கி நட்டார். அண்டை வீட்டார் அஞ்சினர். ஊர் அதிகாரிகள் அதை அகற்ற ஆணையிட்டனர். வழக்கு மேல்மன்றம் ஏறியது. 1783-இல் இடிதாங்கிக்காக வாதாடி வென்றவர் ஓர் இளம் வழக்கறிஞர். பெயர் ரோபெசுபியர்! பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களுள் ஒருவரான அதே ரோபெசுபியர்தான்.

மின்னலைத் தடுத்தாயிற்று. இனி அதை உண்டாக்குவது எப்படி? 1800-இல் இத்தாலியரான வோல்ட்டா வழி காட்டினார். துத்தநாகமும் செம்பும் மாறிமாறி அடுக்கி, இடையே உப்புநீரில் தோய்த்த அட்டையை வைத்து, இடைவிடாத மின்னோட்டத்தைப் பெற்றார். 1802-இல் உருசியாவில் வசீலி பெத்ரோவ் 4,200 தகடுகளை அடுக்கி, இரு கரித்துண்டுகளுக்கிடையே கண்ணைப் பறிக்கும் ஒளியைக் கண்டார். இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 2,000 இணைத் தகடுகள் கொண்ட பெரும் மின்கலத்தை இயக்கினார் ஹம்ப்ரி டேவி. அவர் மரச்சிற்பி ஒருவரின் மகன். கரிக்கோல்களை மெல்ல விலக்கினார். நான்கு அங்குல நீளத்துக்கு நெருப்புப் பாலம் எழுந்தது. சூடேறிய காற்று மேலெழ, அந்தப் பாலம் வில்போல் வளைந்தது. மின்வில் என்று நாம் அழைப்பது அதைத்தான்.

டேவியின் மேடையை விட்டு, அதே நகரத்தின் ஒரு புத்தகக் கடைக்கு வாருங்கள். அங்கே நூல்களுக்கு அட்டை கட்டிக் கொண்டிருக்கிறான் ஓர் இளைஞன். கொல்லரின் மகன்; பள்ளிப் படிப்போ மிகக் குறைவு. பதினான்கு வயதில் வேலைக்கு வந்தவன், கட்ட வந்த கலைக்களஞ்சியத்தைப் பிரித்து, மின்சாரம் என்ற பகுதியைப் படித்தான். படித்ததை அப்படியே நம்பிவிடவில்லை, செய்து பார்த்தான்! 1812-இல் அரைப்பென்னி அளவில் ஏழு துத்தநாக வட்டுகளை வெட்டினான். ஏழு அரைப்பென்னிக் காசுகளை அவற்றோடு அடுக்கினான். நடுவே உப்புநீரில் நனைத்த காகிதம். வீட்டிலேயே பிறந்தது ஒரு மின்கலம்! அந்த இளைஞர்தான் மைக்கேல் பாரடே.

டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தாமே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார் பாரடே. 1813-இல் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. டேவியோடு ஐரோப்பியப் பயணம் சென்றபோது, டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். 1824-இல் அறிஞர் அவையாகிய ராயல் சொசைட்டியில் பாரடேயைச் சேர்க்கும் பேச்சு எழுந்தபோது, அதன் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்தவரே, தம்மைப்போல் உயர வந்தவரைத் தடுக்க முனைந்த கொடுமையைப் பாருங்கள்! ஆயினும் பாரடே அவையில் அமர்ந்தார்.

காந்தம் இக்கதைக்குள் நுழைந்தது 1820-இல். டென்மார்க்கைச் சேர்ந்த எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். கம்பி காந்தத்தை அசைக்குமானால், காந்தம் மின்வில்லை அசைக்காதோ? 1821-இல் டேவி வலிய காந்தத்தை மின்வில்லருகே கொண்டு சென்றார். நெருப்புப் பாலம் விலகியது; சுழன்றது! அதே ஆண்டில் பாரடே, மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். மின்னோட்டத்துக்கும் காந்தத்தின் திசைக்கும் குறுக்கே ஒரு தள்ளுவிசை பிறக்கிறது என்பதே உண்மை. கம்பியானாலும் சரி, கனன்றெரியும் காற்றானாலும் சரி, விதி ஒன்றுதான். பாரடே தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஆய்வு மேசையில் அவர் விடை கேட்டது காந்தத்திடமும் கம்பியிடமும்தான்.

வேடிக்கையாக இருந்த வித்தை வாழ்வுக்கு உதவியது நார்வே நாட்டில். கோதுமை விளைய நைட்ரஜன் உரம் போதாது, பஞ்சம் வரும் என்று 1898-இல் எச்சரித்திருந்தார் வில்லியம் குருக்ஸ். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால், பயிர் அதை அப்படியே உண்ண முடியாதே! 1903-இல் கிறிஸ்தியான் பிர்க்கலண்டு, மின்காந்த விசையால் குண்டெறியும் பீரங்கி ஒன்றை மக்கள்முன் இயக்கிக் காட்டினார். மின்வில் வெடித்தெழுந்தது, கூட்டம் கலைந்தோடியது. பீரங்கி தோற்றது, ஆனால், மின்வில் வென்றது! அதே ஆண்டில் அவரும் பொறியாளர் சாம் எய்டேயும் கைகோத்தனர். திசை மாறிமாறிப் பாயும் மின்னோட்டத்தில் எழுந்த மின்வில்லைக் காந்தம் ஒரு கணம் மேலே தள்ளியது. மறுகணம் கீழே தள்ளியது. கண்ணுக்கு அது முழு நெருப்புத் தட்டாகவே தெரிந்தது. 3,000 பாகைக்கு மேற்பட்ட அந்த வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடின. அதிலிருந்து அமிலம், அமிலத்தோடு சுண்ணாம்புக்கல் சேர்ந்து உரம்! 1905-இல் நோட்டொடனிலும், 1911-இல் ரியூக்கானிலும் அருவி தந்த மின்சாரத்தால் ஆலைகள் ஓடின. பின்னர் மின்சாரம் குறைவாகத் தேவைப்பட்ட ஹாபர்–போஷ் முறை வந்து இம்முறையை வீழ்த்தியது. அறிவியலில் அரியணை எவர்க்கும் நிலையானதன்று; மேலானது வந்தால் பழையது விலகும். அதுவே அதன் பெருமை!

இன்றும் பல நாடுகளில் இளைஞர்கள் வீட்டிலேயே உயர் அழுத்த மின்வில்லை எழுப்பி, நடுவே காந்தம் வைத்து, சுழலும் நெருப்பு வட்டம் காண்கின்றனர். ஆர்வம் போற்றத்தக்கது, ஆயினும் ஓர் எச்சரிக்கை. நுண்ணலை அடுப்பிலிருந்து கழற்றிய மின்மாற்றி ஏறத்தாழ 2,000 வோல்ட் தரும், தொட்டவனைக் கொல்லும். அவ்வடுப்பின் மின்தேக்கி, இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்சாரத்தைத் தாங்கி நிற்கும். மின்வில்லின் புற ஊதாக்கதிர் கண்ணைக் கெடுக்கும். பிர்க்கலண்டு உரத்துக்காக உண்டாக்கிய அதே வகை வாயு, மூடிய அறையில் நுரையீரலுக்கு நஞ்சாகும். கடவுளுக்கு அஞ்சாதவன் என்பதால் மின்சாரம் எவனையும் விட்டுவிடாது! மூடநம்பிக்கைக்கு மாற்று முரட்டுத் துணிச்சலன்று, அளந்தறிந்த அறிவே.

தோழர்களே! மின்னல் சாதி பார்ப்பதில்லை; காந்தம் குலம் கேட்பதில்லை. “நீ கற்கப் பிறந்தவன் அல்லன்” என்று எவரேனும் சொன்னால், கொல்லர் மகன் அடுக்கிய ஏழு காசுகளை அவர்களுக்குக் காட்டுங்கள். ஏடு திறந்து படியுங்கள். ஆசிரியர் துணையோடு செய்து பாருங்கள். ஏன் என்று கேளுங்கள். கேட்கத் தொடங்கிய வீட்டில் இடி முழங்கும்போது, குழந்தை காதைப் பொத்தாது, காரணம் கேட்கும்!