சிவப்பை விலக்கிய விளக்கு: எண்டோஸ்கோப்பில் அலைநீளத் தேர்வு வளர்ந்த கதை

1868இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் அடால்ஃப் குஸ்மவுல் என்ற மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேரான உலோகக் குழாயை இரைப்பைவரை இறக்கிக் காட்டினார். குழாய் போய்ச் சேர்ந்தது. வெளிச்சம் போய்ச் சேரவில்லை. அதற்கு அறுபதாண்டுகள் முன்பு, 1806இல், பிலிப் பொட்சீனி தம் கருவிக்குள் மெழுகுவத்தியையும் கண்ணாடியையும் வைத்துப் போராடியதும் இதே இருட்டோடுதான். 1870களின் இறுதியில் மாக்ஸ் நிட்சே மின்சாரத்தால் ஒளிரும் பிளாட்டினக் கம்பியைச் சிறுநீர்ப்பைக்குள் கொண்டுபோனார். சூட்டைத் தணிக்கக் கூடவே தண்ணீரும் ஓடவேண்டியிருந்தது. 1954இல் ஹரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே பிம்பத்தைக் கடத்திக் காட்டினர். 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் இழைகளால் ஆன வளையும் எண்டோஸ்கோப்பை அறிமுகப்படுத்தினார். அதன்பின் சூடேறும் விளக்கும் உடலைவிட்டு வெளியே வந்தது, இழை ஒளியை மட்டும் உள்ளே அனுப்பியது.

இந்த நூற்றைம்பது ஆண்டுகளிலும் கருவி செய்தவர்களின் கேள்வி ஒன்றே: இன்னும் எவ்வளவு வெளிச்சம்? ‘எந்த வெளிச்சம்?’ என்று கேட்கத் தொடங்கியது மிகப் பிந்தித்தான். எண்டோஸ்கோப் துறையின் பெரிய பாய்ச்சல்களில் ஒன்று, ஒளியைக் கூட்டியதால் அல்லாமல் ஒரு பகுதியைக் கழித்ததால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கழித்துப் பார்க்கும் யோசனை மருத்துவத்துக்குப் புதிதன்று. கண் மருத்துவர் ஆல்ஃபிரெட் ஃபோக்ட் 1913இலேயே சிவப்பை நீக்கிய ஒளியில் விழித்திரையைப் பார்த்தார். கருப்பை வாயைப் பரிசோதிக்கும் கால்போஸ்கோப்பில் 1939இல் கிராட்ஸ் என்ற மருத்துவர் பச்சை வடிகட்டியைப் பொருத்தினார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ரத்தம் பச்சையையும் நீலத்தையும் விழுங்கும், சிவப்பைத் திருப்பி அனுப்பும். சிவப்பு இல்லாத ஒளியில் நாளங்கள் கறுத்துத் துலங்கும்.

பிறகு ஏன் எண்டோஸ்கோப் இவ்வளவு காலம் காத்திருந்தது? கிடைத்ததே கொஞ்ச வெளிச்சம். அதில் ஒரு பங்கை வடிகட்ட யாருக்கு மனம் வரும்? இன்னொரு காரணமும் உண்டு. இழை எண்டோஸ்கோப்பில் மருத்துவர் தம் கண்ணாலேயே நேரே பார்த்தார்; வடிகட்டி இட்டால் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். 1983இல் வெல்ச் ஆலின் நிறுவனம் எண்டோஸ்கோப்பின் நுனியில், ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் சி.சி.டி. சில்லைப் பதித்த பிறகு நிலைமை மாறியது. பிம்பம் எண்ணாயிற்று. எந்த அலைநீளத்தில் பிடித்ததை எந்த நிறத்தில் காட்டுவது என்பது கருவி செய்பவரின் விருப்பமாயிற்று.

இங்கே ஒரு தற்செயலும் உதவியது. ஜப்பானியக் கருவிகளில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைச் சில்லைப் பயன்படுத்தின. செனான் விளக்கின் முன்னே வடிகட்டிச் சக்கரம் ஒன்று சுழன்று சிவப்பு, பச்சை, நீல ஒளிகளை மாறி மாறி அனுப்பும். மூன்றையும் சேர்த்து வண்ணப்படம் உருவாகும். ஆக, வடிகட்டிக்கான இடம் கருவிக்குள் ஏற்கெனவே இருந்தது. வடிகட்டி விடும் அலைநீளப் பட்டையைக் குறுக்குவதுதான் மிச்சம்.

ஒலிம்பஸ் நிறுவனத்தின் பொறியாளர் கசுஹிரோ கோனோவும், சிபா மாநிலக் காஷிவா நகரிலுள்ள தேசியப் புற்றுநோய் மைய கிழக்கு மருத்துவமனையின் மருத்துவர்களும் 1999இல் அதைச் செய்து பார்த்தனர். ஜப்பானில் அதுவரை தட்டையான புண்களைக் காண இண்டிகோ கார்மைன் போன்ற சாயத்தைத் தெளிப்பது வழக்கம். சாயம் தெளிக்க நேரமாகும், சளியைக் கழுவ வேண்டும். சாயமின்றி அதே தெளிவு கிடைக்குமா என்பதே அவர்கள் தேடியது.

கோனோ குழு வெளியிட்ட படங்களில் நாக்கின் அடிப்பகுதி இருக்கிறது. யாரும் கண்ணாடியில் பார்க்கக்கூடிய இடம். 415 நானோமீட்டர் ஒளியில் அங்கே மேற்பரப்பின் தந்துகிகள் மெல்லிய வலைபோலத் தெரிகின்றன. 540இல் சற்று ஆழமான நாளங்கள். 600இல் அடியிலுள்ள தடித்த சிரைகள் மட்டும். காரணம் இரண்டு. ஹீமோகுளோபின் மிக அதிகமாக உறிஞ்சுவது 415ஐ ஒட்டிய ஊதா ஒளியை. 540ஐ ஒட்டி இன்னொரு சிறிய உச்சம் உண்டு. அத்துடன், அலைநீளம் குறையக் குறைய ஒளி திசுவுக்குள் அதிகம் சிதறும், ஆழம் போகாது. எனவே ஊதா ஒளி சளிச்சவ்வின் மேலடுக்கிலேயே நின்று அங்குள்ள தந்துகிகளைக் காட்டிவிடுகிறது. வெள்ளை ஒளியிலும் இந்தச் செய்தி இருந்ததுதான். ஆனால் அகன்ற நீலப்பட்டையின் மற்ற அலைநீளங்களில் அது கரைந்து கிடந்தது.

முதல் முன்மாதிரியில் 415, 445, 500 என மூன்று பட்டைகள் இருந்தன. சந்தைக்கு வந்த கருவியில் எஞ்சியவை 415, 540 என்ற இரண்டே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 நானோமீட்டர் அகலம். 415இல் பிடித்த பிம்பம் திரையின் நீலத்துக்கும் பச்சைக்கும் போனது, 540இல் பிடித்தது சிவப்புக்கு. இதனால் மேலோட்டமான தந்துகிகள் பழுப்பாகவும் ஆழமான நாளங்கள் நீலப்பச்சையாகவும் தெரிகின்றன. திரையில் காணும் அந்த நிறம் உடலில் எங்கும் இல்லை. என்.பி.ஐ. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் குறும்பட்டை ஒளிப்பதிவு இதுதான். 2005இல் விற்பனைக்கு வந்தது.

அதன் முதல் பெருவெற்றி, பலரும் எதிர்பார்த்த இரைப்பையில் வரவில்லை, தொண்டையில் வந்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் கண்ட 320 பேரிடம் மனாபு முத்தோ குழுவினர் பல மருத்துவமனைகளில் நடத்திய சோதனையின் முடிவு 2010இல் வெளியானது. உணவுக்குழாயின் மேலோட்டப் புற்றை வெள்ளை ஒளி 55 விழுக்காடு கண்டது, என்.பி.ஐ. 97 விழுக்காடு. தலை, கழுத்துப் பகுதியில் வேறுபாடு திகைக்க வைப்பது: 8க்கு 100. இந்த எண்களைப் பார்த்தால் வெள்ளை ஒளியில் தொண்டையை அதுவரை பார்த்தது, பார்க்காததற்குச் சமம் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆரம்பநிலையிலேயே பிடிபட்டால் குரல்வளையை அகற்றாமல் புண்ணை மட்டும் எடுக்க வழியுண்டு.

பெருங்குடலின் கதை வேறு. டக்ளஸ் ரெக்ஸும் ஹெல்பிக்கும் 2007இல் வெளியிட்ட ஒப்பீட்டில் 434 பேர் இருந்தனர். புற்றாக மாறக்கூடிய அடினோமா கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் உயர்துல்லிய வெள்ளை ஒளிக்கும் என்.பி.ஐ.க்கும் வேறுபாடு தெரியவில்லை. இதை முறையின் தோல்வியாகப் பலர் படித்தனர். என் வாசிப்பு வேறு. உணவுக்குழாய் ஒடுங்கிய குழல், சுவர் அருகிலேயே இருக்கும். பெருங்குடல் விரிந்த அறை. வடிகட்டிய சொற்ப ஒளி அங்கே எட்டாது. பொட்சீனியின் பழைய பிரச்சினை வேறு வேடத்தில் திரும்பிவந்தது. 2012 வாக்கில் விளக்கின் பிரகாசம் கூட்டப்பட்ட தலைமுறை வந்தது. 2019இல் பதினொரு சோதனைகளின் தரவுகளை ஒன்றாக ஆராய்ந்தபோது, பிரகாசமான கருவிகளில் என்.பி.ஐ. முந்தியது தெரிந்தது.

கண்டுபிடித்தால் போதாது, படிக்கவும் தெரிய வேண்டும். அழற்சியும் பழுப்பாகத்தான் தெரியும். அதனால் ஹருஹிரோ இனோவே உணவுக்குழாயின் தந்துகி வளையங்களை வகைப்படுத்தினார், யாசுஷி சானோ பெருங்குடல் தந்துகிகளை. இந்த வகைப்பாடுகள் இல்லாமல் வடிகட்டி மட்டும் வந்திருந்தால், அது ஒரு வண்ண வேடிக்கையாகவே நின்றிருக்கும்.

போட்டியாளர்கள் வேறு பாதைகளில் வந்தனர். ஃபுஜினான், சிபா பல்கலைக்கழகத்தின் யோயிச்சி மியாகேவின் நிறமாலைக் கணிப்பு முறையைக் கொண்டு, வடிகட்டியே இல்லாமல் வெள்ளைப் படத்திலிருந்து குறும்பட்டைப் படத்தைக் கணக்கிட்டுத் தந்தது. கணக்கிடுவதைவிட நேரே ஒளியூட்டுவதே மேல் என்று பிறகு அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும்: 2012இல் ஃபுஜினானின் தாய்நிறுவனமான ஃபுஜிஃபிலிம் 410, 450 நானோமீட்டர் லேசர்கள் கொண்ட கருவியை வெளியிட்டது. ஒளிர்வு வழி இன்னொரு கிளை. வான்கூவரில் ஸ்டீஃபன் லாம் குழு 1990களில் 442 நானோமீட்டர் நீல ஒளியை மூச்சுக்குழாயில் பாய்ச்சியது. நலமான திசு பச்சையாக ஒளிர, புற்றாக மாறும் இடம் மங்கியது.

415இல் தொடங்கிய தேடல் நிறமாலையின் மறுகோடிக்கும் போயிருக்கிறது. 2020இல் ஒலிம்பஸ் வெளியிட்ட கருவியில் ஐந்து நிற எல்.இ.டி. விளக்குகள் உள்ளன. அதன் ஒரு முறையில் 540, 600, 630 நானோமீட்டர் ஒளிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. அறுவையின்போது ரத்தம் தேங்கினால் நீல ஒளி அதற்குள் நுழையாது; ஆழம் போகும் நீண்ட அலைகளே, ரத்தம் ஊறும் புள்ளியைச் சுற்றிய தேக்கத்திலிருந்து பிரித்துக் காட்டும். 1999இல் இடைஞ்சல் என்று விலக்கிய சிவப்பு, இப்போது ரத்தக்கசிவை அடைக்கும் மருத்துவரின் கையில் ஒரு பொத்தானாக இருக்கிறது.