கூழ், கருவாடு, சிமிலி: சேரி அடுப்பின் எழுதப்படாத வரலாறு

குறைந்த செலவில் வயிறு நிறையச் சமைப்பது எப்படி என்று சொல்லித்தர இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் குறிப்புகளில் பல, சேரிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருபவை. ஆனால் அந்தப் பெண்களின் பெயர் எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லை. 1951இல் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்தது. பிராமண வீட்டுச் சைவச் சமையல் அச்சேறி, கல்யாணச் சீராகவே கொடுக்கப்படும் அளவுக்கு நிலைபெற்றது. கூழுக்கும் கருவாட்டுக்கும் பெரிய கறிக்கும் அப்படி ஒரு புத்தகம் அன்று வரவில்லை. ஆகவே இந்த வரலாற்றை நாமே எழுத வேண்டியிருக்கிறது. நாம் வாழும் திருநீர்மலையிலிருந்து தொடங்குவோம்.

திருநீர்மலை என்றதும் 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பார்கள். மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது தலபுராணம். சரி, அந்த நீர் ஏரியில் தேங்கிய பிறகு யாருடைய வயலுக்குப் பாய்ந்தது? சேரியின் வரலாறு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இந்தப் பகுதி அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்தில் நிலத்தின் மீது மிராசுதார்களின் பிடி இறுகியிருந்தது. 1891இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சொந்த நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூட அவர்களுடையது இல்லை, கடனுக்காகத் தலைமுறையாகப் பண்ணை வேலை என்பதையெல்லாம் அதில் பதிவு செய்தார். அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பண்ணையாளுக்குக் கூலி தானியமாக அளக்கப்பட்டது. அளந்து போட்டதுதான் அன்றைய சமையல். என்ன சமைப்பது என்பதை நம் பாட்டிகள் மட்டும் முடிவு செய்யவில்லை. மிராசுதாரின் மரக்காலும் சேர்ந்தே முடிவு செய்தது.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், இந்த அளவை அரசே கையில் எடுத்தது. 1877இல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓரணா. இது உயிரைக் காக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்திலேயே எதிர்த்தார். சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய், இப்படிப் பசித்த கைகள் வெட்டியதுதான். திருநீர்மலைப் பக்கம் ஓடிவரும் அதே அடையாறுதான்.

இந்தப் பற்றாக்குறைக்குள்தான் ஒரு சமையல் அறிவு வளர்ந்தது. கூழை எடுத்துக்கொள்வோம். கேழ்வரகு மாவை ராத்திரியே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் நொய்யரிசியை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கிளறி, ஆறியதும் உருண்டை பிடித்து நீரில் போடுவார்கள். ஒருமுறை அடுப்பு மூட்டினால் அடுத்த நாள் மதியம் வரை கவலையில்லை. விறகு மிச்சம், நேரம் மிச்சம், புளிப்பு இருப்பதால் கெடுவதும் இல்லை. தொட்டுக்கொள்ள ஒரு வெங்காயம், சுட்ட கருவாடு. காய்ந்த மீன் கொஞ்சம் இருந்தால் ஒரு குடும்பத்துக்கே குழம்புக்கு ருசி வந்துவிடும். கறி கூடுதலாகக் கிடைத்த நாளில் மஞ்சளும் உப்பும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் காயவைத்தால் உப்புக்கண்டம். குடல், ரத்தம், எலும்பு எதுவும் வீணாகாது. வயலில் நத்தை, நண்டு, வரப்பில் பண்ணைக்கீரை. பிற்காலத்தில் பல்லாவரத்துக் கல்குவாரிகளுக்கும் நாகல்கேணித் தோல் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போனவர்களின் வீடுகளிலும் இதே கைப்பக்குவம்தான்.

இனிப்பும் உண்டு. கேழ்வரகு மாவில் உப்புப் போட்டுப் பிசைந்து, கனமான அடையாகத் தட்டிச் சுட வேண்டும். அதைப் பிய்த்து, வறுத்த வேர்க்கடலை, வெல்லம் சேர்த்து உரலில் இடித்து உருட்டினால் சிமிலி. நெய் வேண்டாம், பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். வட மாவட்டங்களின் இந்தப் பலகாரம் எந்த இனிப்புக்கும் குறைந்ததில்லை.

இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வறுமையைப் பாராட்டிப் பேசுவது நம் வேலை அல்ல. திறமை நம் பாட்டிகளுடையது, பட்டினி திணிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து 'எளிமை' என்று புகழ்வதை நாம் ஏற்க முடியாது.

பட்டினியை உடைத்தது பொது அடுப்பு. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவருக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் மதிய உணவு தொடங்கியது. பிறகு காமராசர், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு. 1967இல் அண்ணா ஆட்சியின் ரூபாய்க்கு ஒரு படி அரிசி, 2011 முதல் ரேஷனில் விலையில்லா அரிசி. கூலியாக அளந்து போட்ட இடத்தில், உரிமையாகக் கேட்டு வாங்கும் நிலை வந்தது. ஆனால் அந்தப் பொது அடுப்பிலும் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்த்ததால் சமையலர் இடமாற்றம் செய்யப்பட்டார். போராட்டத்துக்குப் பிறகே அதே பள்ளியில் மீண்டும் கரண்டி பிடித்தார்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்கள். கூழ் குடிப்பவன் என்று நம்மைக் கேலி செய்த நாவுகள் இன்று அதையே கண்ணாடிக் கிண்ணத்தில் விலை கொடுத்துக் குடிக்கின்றன. ரேஷன் அரிசியை நம்பி வாழும் வீட்டுக்கோ கேழ்வரகு கூடுதல் செலவாகிவிட்டது.

2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். அதைத் திருநீர்மலைக்கும் தாம்பரம் மாநகராட்சி முழுமைக்கும் கொண்டுவர வேண்டும் என்று கேட்போம். பொதுச் சமையலறைகளில் நம் பெண்களின் கரண்டிக்குப் பாதுகாப்பு கேட்போம். மராத்தியில் ஷாஹு படோலே தலித் வீட்டுச் சமையலைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். நம் வீட்டில் இன்னும் சிமிலி இடிக்கத் தெரிந்த கிழவி இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து அளவுகளையும் அவர் பெயரையும் எழுதி வையுங்கள். அதுவும் ஆவணம்தான்.

ஜெய் பீம்.