துளையுள்ள படிகங்களின் கதை

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கூட்டி மின்சாரம் பெறும் எரிபொருள் மின்கலத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அதில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்கும் வினை மிக மந்தமானது. அதை விரைவுபடுத்தும் வினையூக்கியாகப் பிளாட்டினம் வேண்டியிருக்கிறது. பிளாட்டினமோ அரியது; விலை மிகுந்தது. அதிலும், துகளின் மேற்பரப்பிலுள்ள அணுக்களே உழைக்கின்றன. உள்ளிருப்பவை வாளா கிடக்கின்றன. உலோக அணுக்களை உள்ளொளிக்காமல் வெளிப்பட நிறுத்தும் பொருள் ஏதேனும் உண்டா? உண்டு, ஆனால் அது வேறொரு நோக்கத்தில் பிறந்தது.

1974-ஆம் ஆண்டில், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ராப்சன் என்னும் ஆசிரியர், மாணவர்க்கு மூலக்கூறுகளின் அமைப்பை விளக்குவதற்காக மரப்பந்துகளில் துளையிடச் செய்தார். பந்துகள் அணுக்கள், அவற்றை இணைக்கும் குச்சிகள் பிணைப்புகள். துளைகள் எங்கெங்கே அமைய வேண்டுமென்று அவரே குறித்துக் கொடுத்தார். கோத்துப் பார்த்தபோது, துளைகளின் இருப்பிடமே உருவம் முழுவதையும் தீர்மானிக்கக் கண்டார். மெய்யான அணுக்களையும் இவ்வாறே கோக்கலாகாதா? 1989-இல் அந்த எண்ணம் பலித்தது. தாமிர அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் பிணைத்து, வைரத்தைப் போல் ஒழுங்கும், உள்ளே விசாலமான வெற்றிடங்களும் கொண்ட படிகத்தை அவர் படைத்தார். அது எளிதில் சிதையக்கூடியது. 1999-இல் ஓமர் யாகி வெளியிட்ட துத்தநாகச் சட்டகமோ, உள்ளிடம் காலியான பின்னரும் 300 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தைத் தாங்கிற்று. இவ்விருவருக்கும் ஜப்பானியரான சுசுமு கிடகாவாவுக்கும் 2025-இல் நோபெல் பரிசு கிட்டியது.

இத்தகைய சட்டகங்களுள் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எலக்ட்ரான் நடமாட வழியில்லாத மாளிகையில் வாயில்கள் எத்தனை இருந்தென்ன? அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிர்ச்சா டிங்காவின் குழுவினர், தட்டையான கரிம மூலக்கூறுகளை நிக்கலுடன் பிணைத்து, தேனடை போன்ற அடுக்குகளாலான படிகத்தை 2014-இல் ஆக்கினர். அது மின்சாரத்தை நன்கு கடத்தியது. 2016-இல், காரக் கரைசலில் பிளாட்டினம் இன்றியே அது ஆக்சிஜன் வினையைத் தூண்டுவதையும் காட்டினர். நீர் மட்டுமன்றி ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாயிற்று; ஆகவே பிளாட்டினத்துக்கு அது ஈடாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வேறு சில சட்டகங்களோ காரக் கரைசலில் உருக்குலைந்து ஹைட்ராக்சைடாக மாறிவிடுகின்றன. அங்கே உழைத்தது சட்டகமா, அதன் இடிபாடா என்று ஐயுறவேண்டியிருக்கிறது.

இக்கதையில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது அடுத்த நிகழ்ச்சி. வெளிப்பட நிற்கும் உலோக அணுவே வினையைச் செய்யும் என்பதன்றோ தொடக்கத்தில் இருந்த நம்பிக்கை? 2017-இல் அதே குழுவினர் நிக்கல் படிகத்தைத் துருவி ஆராய்ந்தனர். ஆக்சிஜன் வந்து பற்றிய இடம் நிக்கல் அன்று, அதைப் பிணைத்து நின்ற கரிமப் பகுதியே என்பதற்குச் சான்றுகள் கிடைத்தன.