இந்தியப் போலியோ ஒழிப்பில் வதந்தி எதிர்ப்பு

போலியோ சொட்டு மருந்தைப் பற்றிப் பரவிய வதந்திகளை எதிர்கொள்ள, இந்தியாவில் 2000-களின் தொடக்கம் முதல் நடந்த மக்கள் தொடர்புப் பணி இது. உத்தரப் பிரதேசமும் பீகாரும் இதன் முக்கியக் களங்கள். 'சொட்டு மருந்து குழந்தைகளை மலடாக்கும்' என்ற அச்சமே இப்பணி சந்தித்த பெரும் தடை. கட்டாயமும் கண்டிப்பும் பலன் தராத இடங்களில், உள்ளூர்ப் பெண்களும் இமாம்களும் மருத்துவர்களும் பெற்றோரின் கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் சொல்லி மருந்தை ஏற்கச் செய்தனர். 2011-க்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் யாருக்கும் வாதம் ஏற்படவில்லை.

பின்னணி

இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ, மலத்தால் மாசுபட்ட நீர், உணவு, கைகள் வழியாகப் பரவும் வைரஸ் நோய். தொற்றுக்கு ஆளாகும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் செயலிழக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் நோயின் அறிகுறியே இல்லாமல் கிருமியைப் பரப்புகிறார்கள். அதனால் ஒரு பகுதியில் சில தெருக்கள் மட்டும் மருந்தை மறுத்தாலும் தொற்றுச் சங்கிலி அறுபடாது.

உலகிலிருந்து போலியோவை ஒழிப்பதென்று உலக சுகாதாரப் பேரவை 1988-இல் தீர்மானித்தது. இந்தியாவில் நாடு தழுவிய முதல் சொட்டு மருந்து முகாம் 1995 டிசம்பர் 9 அன்று நடந்தது. இதற்கான அறிவியல் அடித்தளத்தில் வேலூருக்குப் பங்குண்டு. மேலைநாடுகளில் மூன்று தவணையில் கிடைக்கும் பாதுகாப்பு இந்தியக் குழந்தைகளுக்கு அதே மூன்று தவணையில் கிடைப்பதில்லை என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் வல்லுநர் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே எடுத்துக்காட்டினார். குறுகிய காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருசேர மருந்து கொடுக்கும் முறையும் வேலூரில் முன்னதாகவே நடத்திப் பார்க்கப்பட்டது.

வதந்திகளும் அவற்றின் வேர்களும்

மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மூன்று வதந்திகள் வலுவாக இருந்தன. மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்பது முதலாவது. அதில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறது என்பது இரண்டாவது. முஸ்லிம்களின் மக்கள்தொகையைக் குறைக்க அரசும் வெளிநாடுகளும் சேர்ந்து செய்யும் சதி என்பது மூன்றாவது.

இவற்றுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 நிதியாண்டில் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பல கட்டாயப்படுத்திச் செய்யப்பட்டவை. 1976 அக்டோபரில் முசாஃபர்நகரில் இதை எதிர்த்தவர்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிர்கள் பலியாயின. அதைக் கண்ட தலைமுறை, வீட்டு வாசலில் வந்து நிற்கும் அரசு ஊழியரைச் சந்தேகத்தோடு பார்த்தது.

அன்றாட நிலைமையும் சந்தேகத்தை வளர்த்தது. குடிநீர், சாக்கடை, மருத்துவர் என எதற்கும் எட்டிப் பார்க்காத அரசு, இந்த ஒரு மருந்தை மட்டும் இலவசமாக, திரும்பத் திரும்ப, வீடு தேடிக் கொண்டுவந்தது ஏன் என்று மக்கள் கேட்டனர். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் கிடைக்காத இடத்தை வதந்தி நிரப்பியது.

2002-ஆம் ஆண்டுப் பரவல்

2001-இல் 268 ஆக இருந்த போலியோ பாதிப்புகள் 2002-இல் 1,600 ஆக உயர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை உத்தரப் பிரதேசத்தில் ஏற்பட்டவை. மாநில மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான முஸ்லிம் சமூகத்தின் குழந்தைகளே அங்கு பாதிக்கப்பட்டோரில் பாதிக்கும் மேல். மருந்து போதிய அளவில் இருந்தும் அது குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேரவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

வீடு வீடாக நடந்த பணி

யுனிசெஃப், தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான கோர் குழு ஆகிய அமைப்புகள் அரசுடன் இணைந்து உத்தரப் பிரதேசத்தில் சமூக அணிதிரட்டல் வலையமைப்பு ஒன்றை உருவாக்கின. பின்னாளில் இதில் சுமார் 7,000 களப்பணியாளர்கள் இருந்தனர். பெரும்பாலோர் அந்தந்தத் தெருவிலேயே வாழும் பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 500 வீடுகள் பொறுப்பு. கர்ப்பிணிகள், புதிதாகப் பிறந்த குழந்தைகள், ஐந்து வயதுக்குட்பட்டோர், ஒவ்வொருவரும் வாங்கிக்கொண்ட தவணைகள் என எல்லாம் அவர்களின் குறிப்பேட்டில் இருக்கும்.

மருந்து புகட்டியதும் குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைக்கப்படும். எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டின் சுவரில் சாக்கட்டியால் 'பி' என்ற ஆங்கில எழுத்தும், ஒரு குழந்தையாவது விடுபட்ட வீட்டில் 'எக்ஸ்' என்ற எழுத்தும் எழுதப்படும். எக்ஸ் வீடுகளும் ஒரே வகையாகக் கருதப்படவில்லை. குழந்தை வெளியூர் போயிருந்ததா, உடம்பு சரியில்லையா, பெற்றோர் மறுத்தனரா எனக் காரணம் தனித்தனியாகப் பதியப்பட்டது. மறுத்த வீட்டுக்கு ஊழியர் மறுபடியும் செல்லும்போது, அந்தக் குடும்பம் மதிக்கும் ஒருவரும் உடன் செல்வார். அவர் இமாமாகவோ, பள்ளி ஆசிரியராகவோ, அருகிலுள்ள மருத்துவராகவோ இருக்கலாம்.

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்து ஆகிய கல்வி நிறுவனங்கள் இப்பணியில் பங்கேற்றன. பள்ளிவாசல்களிலிருந்து முகாம் நாள் அறிவிக்கப்பட்டது. இமாம்கள் பொதுவெளியில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து புகட்டினர். காலப்போக்கில் களப்பணியாளர்கள் தாய்ப்பால், கைகழுவுதல், வயிற்றுப்போக்குக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை, பிற தடுப்பூசிகள் ஆகியவற்றைப் பற்றியும் பேசினர். 'போலியோ மட்டும்தான் உங்களுக்குக் கவலையா?' என்ற கேள்விக்கு இது செயலில் தந்த பதில்.

'எத்தனை முறை கொடுப்பீர்கள்?'

வாசலில் அடிக்கடி எழுந்த கேள்வி, 'போன மாதம்தானே கொடுத்தீர்கள், மறுபடியும் எதற்கு?' என்பது. பத்துத் தவணைக்கு மேல் பெற்ற குழந்தைக்கும் வாதம் வந்ததைப் பார்த்த பெற்றோருக்கு 'மருந்து நல்லது' என்ற ஒற்றை வரி போதாது.

உண்மையான விடை ஆய்வில் கிடைத்தது. போலியோ வைரஸில் மூன்று வகைகள் உண்டு. வகை 1 போலியோவுக்கு எதிராக, மூவகை வைரஸும் கலந்த சொட்டு மருந்தின் ஒரு தவணை தரும் பாதுகாப்பு உத்தரப் பிரதேசத்தில் சுமார் 9 விழுக்காடு என்றும், உத்தரப் பிரதேசம், பீகார் நீங்கலான மற்றப் பகுதிகளில் சுமார் 21 விழுக்காடு என்றும் 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. நெருக்கடியான குடியிருப்பும் சுகாதாரக் குறைவும் ஓயாத வயிற்றுப்போக்கும் மருந்தின் வேலையைக் கெடுத்தன. ஆகவே மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டியிருந்ததற்குச் சதி காரணமல்ல. ஒரு தவணையின் பலன் அங்கு குறைவாக இருந்ததே காரணம். இந்தக் குறையை ஒப்புக்கொண்டதோடு மருந்தும் மேம்படுத்தப்பட்டது. 2005-இல் ஒரே வகை வைரஸைக் கொண்ட மருந்தும், 2010 ஜனவரியில் இரு வகை வைரஸ்களைக் கொண்ட மருந்தும் பயன்பாட்டுக்கு வந்தன.

ஆபத்தைப் பற்றிய நேர்மை

சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். மிக அரிதாக, உலக அளவில் ஏறத்தாழ 27 லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில், மருந்தே வாதத்தை உண்டாக்கும். தடுப்பு மருந்து குறைவாகச் சென்றடைந்த பகுதிகளில் இந்த வைரஸ் நெடுங்காலம் பரவினால் மாற்றமடைந்து நோய் பரப்பவும் கூடும். இயற்கை வைரஸ் முடக்கும் குழந்தைகளோடு ஒப்பிட்டால் இந்த ஆபத்து மிகச் சிறியது. ஆயினும் அதை மறைத்துவிட்டு, பின்னர் அம்பலமானால், அடுத்துச் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். இயற்கை வகை 2 வைரஸ் 1999-க்குப் பின் உலகில் காணப்படவில்லை. ஆகவே 2015 நவம்பரில் இந்தியா ஊசிவழிப் போலியோ மருந்தை அறிமுகப்படுத்தியது; 2016 ஏப்ரலில் வகை 2 வைரஸ் சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது.

பிற நாடுகளின் அனுபவம்

நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003-இல் இதே மலட்டுத்தன்மை வதந்தியால் மருந்தை நிறுத்தியது. அங்கிருந்து வைரஸ் பல நாடுகளுக்குப் பரவியது. ஆய்வகச் சோதனைகளுக்கும் சமயத் தலைவர்களுடனான பேச்சுகளுக்கும் பின், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தை ஏற்று, 2004-இல் முகாம்கள் மீண்டும் தொடங்கின.

பாகிஸ்தானில் நேர்ந்தது எதிர்மாறு; அங்கு நம்பிக்கை குலைந்தது. ஒசாமா பின் லேடனைத் தேடிய அமெரிக்க உளவு நிறுவனம் அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாம் என்ற போர்வையைப் பயன்படுத்தியது 2011-இல் வெளியானது. அதன்பின் போலியோ ஊழியர்கள்மீது தாக்குதல்கள் பெருகின, பலர் கொல்லப்பட்டனர். இனித் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்று அமெரிக்கா 2014-இல் அறிவித்தது.

விளைவு

2009-இல் இந்தியாவில் 741 பாதிப்புகள் பதிவாயின. உலக மொத்தத்தில் இது பாதிக்குச் சற்றே குறைவு. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு ஏற்பட்ட பாதிப்பே நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

மதிப்பீடு

மருந்தின் மேம்பாடும் நோய்க் கண்காணிப்பும் இல்லாமல் இவ்வெற்றி கிடைத்திருக்காது. ஆனால் மறுத்த பெற்றோரை அறியாமையில் உழல்பவர்கள் என்று ஒதுக்கியிருந்தால் அந்த மருந்தும் பெட்டியிலேயே இருந்திருக்கும். வதந்தி அந்நியர் வாயிலாக வருவதில்லை. அதை எதிர்க்கும் உண்மையும் தெரிந்தவர் வாயிலாகவே வர வேண்டும் என்பதை இப்பணி நிறுவியது.

இந்தப் பாடம் போலியோவுக்கு மட்டும் உரியதல்ல. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம், வாட்ஸ்அப் வதந்திகளால் தடைப்பட்டுக் கால நீட்டிப்பு பெற்றது. எழுத்தறிவு மிகுந்த மாநிலமும் இதற்கு விலக்கல்ல. சந்தேகத்தோடு வரும் பெற்றோரின் கேள்வியை முழுதாகக் கேட்டு, தெரிந்ததைத் தெரிந்த அளவில், ஆபத்தையும் பலனையும் சேர்த்துச் சொல்வது ஒவ்வொரு மருத்துவரின், செவிலியரின் கடமை. மருந்துக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கை இந்த உரையாடலுக்கும் அரசுகள் ஒதுக்க வேண்டும்.