ஒரு வெள்ளிப் பங்கின் பயணம்

மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் பங்குச் சான்றிதழ் வெறும் தாள்தான். ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டப்புறங்களில் அது நகை, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக் காக்கப்பட்ட தாள். ஒரு பங்கின் விலை ஒரு வெள்ளி (ரிங்கிட்).

அந்தப் பங்கை வாங்கும் நம்பிக்கை அதற்கு முன்பே முளைத்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள்; பால்மரம் வெட்டியவர்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் கட்டிய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. சிறு காசு சேர்ந்தால் சொத்தாகும் என்பதைத் தோட்டத்து மக்கள் கண்ணால் கண்டார்கள்.

1970இல் நாட்டின் நிறுவனப் பங்குகளில் இந்தியர் கையில் இருந்தது ஏறத்தாழ ஒரு விழுக்காடு. அந்த நிலையை மாற்றுவோம் என்ற அழைப்போடு 1982இல் மைக்கா உருவானது. முன்னின்றவர் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவரும் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினருமான ச. சாமிவேலு. சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்தவர்களும் கடன் வாங்கியவர்களும் அவர்களில் உண்டு.

வாங்கிய பங்கு அப்படியே தங்கிவிட்டது. மைக்கா பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. அதனால் அதற்கு அன்றாட விலை இல்லை. மகளின் கல்யாணத்துக்கு விற்கலாம் என்றால் வாங்க ஆளும் இல்லை. மைக்காவுக்கு ஓராண்டு முன்னதாக, 1981இல், பூமிபுத்ராக்களுக்காக (மலாய்க்காரர், பிற பூர்வகுடியினர்) அரசு தொடங்கிய அமானா சஹாம் நேஷனல் திட்டத்தில் போட்ட பணத்தை வேண்டும்போது திரும்பப் பெற முடிந்தது. மைக்காவில் அந்த வாசல் இல்லாமல் போனதுதான் முதல் கேடு.

1990இல் தொலைத்தொடர்பு நிறுவனமான டெலிகோம் மலேசியாவின் பங்குகள் வெளியானபோது மைக்காவுக்கென ஒரு கோடி பங்குகள் ஒதுக்கப்பட்டன. அது பெற்றுக்கொண்டது பத்து லட்சம் மட்டுமே; மீதித் தொண்ணூறு லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. அத்தனையையும் வாங்க மைக்காவிடம் பணம் இல்லை என்றார் சாமிவேலு. தவறு நடந்ததை அவர் மறுத்தார். ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. குற்றம் எதுவும் நிறுவப்படவில்லை. ஆனாலும் பங்குதாரர் மனத்தில் எழுந்த கேள்வி அடங்கவில்லை.

இதற்கிடையே கித்தா (ரப்பர்) காடுகள் செம்பனையாகவும் தாமான்களாகவும் (குடியிருப்புப் பகுதிகளாகவும்) மாறின. லயத்து முகவரியில் பங்கு வாங்கியவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தார்கள். பலர் இறந்தும் போனார்கள். அவர்களுடைய பங்கைப் பெற, பிள்ளைகள் வாரிசுரிமைப் பத்திரங்களுக்கு அலைய வேண்டியிருந்தது.

2010இல் தொழிலதிபர் ஜி. ஞானலிங்கத்தின் நிறுவனம் பங்குக்கு 80 சென் தர முன்வந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின், போட்ட ஒரு வெள்ளியிலேயே இருபது சென் குறைவு. அதற்குள் அரிசி விலையும் வீட்டு விலையும் எங்கோ போயிருந்தன.

நிதிக் குற்றம் என்றதும் திருடனைத்தான் தேடுகிறோம். எவர் மீதும் குற்றம் நிறுவப்படாமலே ஒரு சமூகத்தின் சேமிப்பு கரையக்கூடும் என்பதற்கு இந்தப் பங்கே சாட்சி. நிர்வாகத்தில் இருப்பவரை எதிர்த்துக் கேட்பது இனத்தையே எதிர்ப்பதாகப் பார்க்கப்படும் இடத்தில் தணிக்கை அறிக்கை மட்டும் ஏழையைக் காப்பாற்றாது. இன்று நம் இளைஞர்களிடம் யார் முதலீடு கேட்டு வந்தாலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் முதலில் வரட்டும்: பணத்தை எப்போது திரும்ப எடுக்கலாம், கணக்கைப் பார்ப்பவர் யார், நிர்வாகத்தை மாற்றும் உரிமை யாருக்கு. முதலீடு கேட்பவர் நம்மவரே என்றால், இந்தக் கேள்விகளை இன்னும் உறுதியாகக் கேட்க வேண்டும்.