நெற்றி விளக்கு முதல் முகப்பு விளக்கு வரை



பள்ளி விடுமுறையில் ஒரு நாள் இரவு, தஞ்சோங் பியாண்டாங்கிலிருந்து பாரிட் புந்தாருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். இருபுறமும் நெல்வயல். சாலை விளக்கு இல்லாத இடம். மழை பிடித்துக்கொண்டது. திடீரென்று என் மகிழுந்துக்கு மிக அருகில் மிதிவண்டியில் ஒரு பெரியவர் தெரிந்தார். வேகத்தடையை மிதித்தேன். வண்டி வழுக்கி, அவருக்கு ஒரு முழம் முன்பாக நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டை அடைந்ததும் இறங்கிப் பார்த்தேன். முகப்பு விளக்குகளின் மேல் கருநிற நெகிழித்தாள் ஒட்டப்பட்டிருந்தது. முந்தைய வாரம் என் மகன் ஒட்டியது. "அழகாக இருக்கிறதப்பா" என்று அவன் சொன்னபோது நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நம் பிள்ளைகள் ஏன் விளக்கைக் கறுப்பாக்க விரும்புகிறார்கள்? இந்த ஆசை எங்கிருந்து வந்தது? இந்த வினாவோடு தேடத் தொடங்கியவனை, அந்தத் தேடல் என் பாட்டியின் நெற்றி வரைக்கும் அழைத்துச் சென்றது. அதையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

பாட்டியின் நெற்றியில் ஒரு விளக்கு

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய், இருட்டிலேயே தம் நிரைக்குச் செல்வார். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் அந்த இருட்டுப் பயணம். அவர் நெற்றியில் ஒரு கார்பைட் விளக்கு இருக்கும். அடித்தட்டில் சாம்பல் நிறக் கார்பைட் கட்டிகள், மேல்தட்டில் தண்ணீர். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கட்டியின்மேல் விழும்போது அசிட்டிலின் என்னும் வளி உண்டாகும். அது சிறு துளை வழியாக வெளியேறி வெள்ளைச் சுடராக எரியும். சுடருக்குப் பின்னால் கிண்ணம் போன்ற ஒரு பளபளப்பான தகடு இருக்கும். அந்தத் தகடுதான் சிறு சுடரை மரப்பட்டையின் மேல் ஒளியாகப் பாய்ச்சும்.

ஒவ்வொரு மாலையும் அந்தத் தகட்டைத் துணியால் துடைத்து வைப்பது சிறுவனாகிய என் வேலை. தகடு மங்கினால் வெட்டு ஆழமாகப் போய் மரம் காயப்படும். காயத்துக்குத் தண்டலிடம் ஏச்சு விழும். ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருளுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை அந்த வயதிலேயே நான் கற்றுக்கொண்டேன். பின்னர் மறந்தும் போனேன்.

மகிழுந்துக்காக வந்தவர்கள்

ரப்பர் மரம் நம் மண்ணின் மரம் அன்று. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுசென்ற விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றுள் சில நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரை அந்த மரத்தைத் தோட்டக்காரர்கள் பெரிதாக மதிக்கவில்லை.

நிலைமையை மாற்றியது மகிழுந்து. 1908ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' வண்டி வந்ததும் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1910ஆம் ஆண்டு ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. கிரியான் வட்டாரத்தில் அதற்கு முன்னர்க் கரும்புத் தோட்டங்களே மிகுதி. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் அவற்றில் உழைத்தனர். 1906ஆம் ஆண்டு புக்கிட் மேரா நீர்த்தேக்கம் முடிந்தபின் கிரியான் நெல்வயலாக விரிந்தது. கரும்பு பின்வாங்க, ரப்பர் முன்னேறியது. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. ஆயினும் கங்காணி முறையில் நம் மக்கள் தொடர்ந்து கப்பலேறி வந்தனர்.

இதில் ஒரு வியப்பு உண்டு. தொடக்க கால 'மாடல் டி' வண்டியின் முகப்பு விளக்கும் கார்பைட்டிலிருந்து பிறந்த அசிட்டிலின் வளியால்தான் எரிந்தது. 1915ஆம் ஆண்டுதான் அவ்வண்டிக்கு மின்விளக்கு வந்தது. அமெரிக்காவில் முதலாளியின் வண்டி முகப்பில் எரிந்த அதே சுடர், மலாயாவில் அந்த வண்டியின் சக்கரத்துக்குப் பால் எடுத்தவரின் நெற்றியிலும் எரிந்தது. வண்டி விளக்கு மின்சாரத்துக்கு மாறிப் பல்லாண்டுகள் ஆன பின்னும் நம்மவர் நெற்றியில் கார்பைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

விளக்கு வளர்ந்த கதை

மின்விளக்கு வந்த பின்னர் மாற்றங்கள் விரைந்து வந்தன. 1940ஆம் ஆண்டு அமெரிக்காவில் முத்திரையிட்ட வட்ட விளக்கு நடைமுறைக்கு வந்தது. குமிழ், தகடு, கண்ணாடி மூன்றும் ஒரே கட்டாக இருந்ததால் அதைத் திறக்க இயலாது. பழுதானால் முழுவதையும் மாற்ற வேண்டும். 1962ஆம் ஆண்டு ஐரோப்பாவில் ஹாலஜன் குமிழ் அறிமுகமானது. 1984ஆம் ஆண்டு மாதிரியான லிங்கன் மார்க் ஏழு வண்டியில், அமெரிக்காவில் முதன்முறையாகக் கண்ணாடிக்கு மாற்றாகப் பாலிகார்பனேட் என்னும் நெகிழி மூடி வைத்த விளக்கு பொருத்தப்பட்டது. அந்த நெகிழியை 1953ஆம் ஆண்டு ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கியிருந்தார்.

நெகிழி மூடி எளிதில் உடையாது. எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால், வெயிலில் மஞ்சள் பூக்கும். இன்று நம் வீட்டு வாசல்களில் நிற்கும் பழைய வண்டிகளின் கண்கள் மங்கியிருப்பதற்கு இதுவே காரணம். விளக்கைப் பிரித்து வேலை செய்யும் பழக்கமும் இத்தகைய விளக்குகளோடுதான் பரவியது.

சாயம் வந்த வழி

வீட்டு முற்றத்தில் இளைஞர் ஒருவர் சாயம் பூச இன்று பயன்படுத்தும் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் வரலாறு உண்டு.

நீர் தோய்த்துத் தேய்க்கும் உப்புத்தாள் 1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் 3எம் நிறுவனத்திலிருந்து வந்தது. அதற்கு முன் தேய்ப்பு வேலையில் பறந்த தூசு தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்தது. 1924ஆம் ஆண்டின் ஓக்லாந்து வண்டிகளுக்கு டியூபாண்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' சாயம் பூசப்பட்டது. வாரக்கணக்கில் உலர்ந்துகொண்டிருந்த வண்டிச் சாயம் மணிக்கணக்கில் உலரத் தொடங்கியது. 1925ஆம் ஆண்டு, இரு வண்ணம் பூசும் பட்டறைத் தொழிலாளர்கள் படும் பாட்டைப் பார்த்த ரிச்சர்டு டுரூ என்னும் இளைஞர், சாயத்தை உரிக்காமல் எடுக்கக்கூடிய மறைப்பு ஒட்டுநாடாவை உருவாக்கினார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். 1949ஆம் ஆண்டு எட்வர்டு சீமோர் என்பவர் அழுத்தித் தெளிக்கும் சாயக் குப்பியைச் செய்தார். அந்த எண்ணத்தைச் சொன்னவர் அவருடைய மனைவி.

ஒளியை மறைத்த கறுப்பு

விளக்கின் மேலேயே கறுப்புப் பூசும் வழக்கத்தை மனிதன் போர்க்காலத்தில்தான் கற்றான். 1939ஆம் ஆண்டு பிரிட்டனில் வான்தாக்குதலுக்கு அஞ்சி வண்டி விளக்குகளுக்கு மூடி போட்டனர். ஒளி குறைந்ததால் சாலை விபத்துகளில் இறந்தோர் தொகை கூடியது. 1971ஆம் ஆண்டுப் போரின்போது இந்தியாவிலும் விளக்குகளின் மேற்பாதியில் கறுப்புச் சாயம் அடித்தனர். எதிரியிடமிருந்து ஒளிவதற்காகச் செய்த செயல் அது. எதிரியே இல்லாத கிரியான் சாலையில் நாம் யாரிடமிருந்து ஒளிகிறோம்?

அழகுக்காக விளக்கைத் திருத்தும் கலை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய வண்டிகளை வாங்கி, முகப்பு விளக்கின் கூட்டை வண்டியின் உடலோடு இழைத்து, ஈயம் ஊற்றித் தேய்த்துப் புது முகம் தந்தார்கள். பெரும்பாலும் பணம் இல்லாத பிள்ளைகள் அவர்கள். தொழிற்சாலை தந்த முகத்தைத் தங்கள் கையால் மாற்றுவதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம் இருந்தது.

நம் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 1985ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா வந்தது. 1993இல் வீரா, 1994இல் பெரொடுவா கஞ்சில், 2005இல் மைவி. அதே காலத்தில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயன் வீடுகளிலிருந்து நம் குடும்பங்கள் மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தன. தாத்தாவுக்குக் கிட்டாத மகிழுந்து பேரனுக்குக் கிட்டியது, பழைய வண்டியாகவேனும். தெருவில் ஒரே மாதிரி இருபது வண்டிகள் நின்றால், தன் வண்டி தனித்துத் தெரிய வேண்டும் என்று ஓர் இளைஞன் நினைப்பதில் குற்றம் காண இயலுமா?

முற்றத்தில் நான் கற்ற பாடம்

மறுநாள் என் மகன் தன் நண்பனை அழைத்து வந்தான். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஆறாம் ஆண்டில் என்னிடம் பயின்றவன். விளக்கின் மேலிருந்த தாளை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"ஐயா, இது ஒட்டவே கூடாது. கறுப்பு வேண்டுமென்றால் உள்ளே பூச வேண்டும்," என்றான்.

பிறகு என்னை உட்கார வைத்து விளக்கினான். முகப்பு விளக்கில் மூன்று பகுதிகள் உள்ளன. வெளியே தெளிந்த மூடி. உள்ளே ஒளியைத் திருப்பும் தகடு. தகட்டைச் சுற்றி அழகுக்காக ஓர் உள்சட்டம். மூடியில் எதுவும் பூசக்கூடாது, ஒட்டக்கூடாது; ஒளி குறையும். தகட்டைத் தொடவே கூடாது. அதன் மேலிருக்கும் அலுமினியப் படலம் மிக மெல்லியது, விரலால் துடைத்தாலும் கெடும். உள்சட்டத்துக்கு மட்டுமே சாயம்.

வேலையையும் கண்முன் செய்து காட்டினான். விளக்கைக் கழற்றி, வெப்பக்காற்றுக் கருவியால் ஓரத்தைச் சுற்றிலும் மெல்லச் சூடேற்றினான். உள்ளிருந்த பியூட்டில் பசை இளகியதும் மூடி தனியே வந்தது. எல்லா விளக்கும் இவ்வாறு திறக்காது. சிலவற்றில் இளகாத பசை இட்டிருப்பார்கள், வலிந்து திறந்தால் உடையும் என்றான். சமையலறை அடுப்புப் பெட்டியில் வைத்துச் சூடேற்றுவோரும் உண்டு. உணவு சமைக்கும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது என்றும் எச்சரித்தான்.

உள்சட்டத்தைச் சவர்க்கார நீரில் கழுவி, 600 எண் உப்புத்தாளால் நீர் தோய்த்துத் தேய்த்தான். நெகிழிக்குரிய அடிப்பூச்சு முதலில். பின்னர் மெல்லிய மூன்று பூச்சுகள். ஒவ்வொன்றுக்கும் இடையே காத்திருந்தான். முகமூடி அணிந்து திறந்த வெளியில் தெளித்தான். அன்றே மூடிவிடலாம் அல்லவா என்று கேட்டேன். "இல்லை ஐயா. சாயத்தின் ஆவி முழுமையாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு சூடானதும் உள்ளே பனி படியும்," என்றான். இரண்டு நாள் கழித்து வந்து, புதுப் பசை வைத்து மூடி, நீர் ஊற்றிச் சோதித்தான். கடைசியாக வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒளி விழும் உயரத்தைச் சரிபார்த்தான். எதிரே வருபவர் கண்ணில் ஒளி அடிக்கக்கூடாது என்பதற்காக.

உயிருக்கு உறுதி தரும் பகுதியைத் தொடாமல், அழகுக்குரிய பகுதியை மட்டும் அழகாக்கும் அறிவு அது. நம் நாட்டில் வண்டி விளக்குகளுக்கென 1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளும் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் உள்ளன. எதையும் மாற்றுமுன் சாலைப் போக்குவரத்துத் துறையில் கேட்டுத் தெளிவது நல்லது என்று அவனே சொன்னான்.

நான் எழுதிய ஒரு வரி

அன்று மாலை பழைய கோப்புகளைத் தேடி எடுத்தேன். அந்த மாணவனைப் பற்றி அப்போது நான் எழுதிய குறிப்பு அகப்பட்டது. 'பாடத்தில் கவனம் இல்லை. கைகள் எப்போதும் எதையாவது கழற்றிக்கொண்டே இருக்கின்றன.' குறையாகத்தான் எழுதியிருந்தேன். அறிவியல் பாடத்தில் ஒளிப் பிரதிபலிப்பை அவனுக்குக் கற்பித்தவனும் நானே. கரும்பலகையில் கோடுகள் வரைந்தேன். ஒரு பழைய விளக்கைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுக்கத் தோன்றவில்லை. பாட்டியின் விளக்குத் தகட்டைத் துடைத்த எனக்கே தோன்றவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

அவன் ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்டான். பட்டறையில் கூலி வேலை. கையில் சான்றிதழ் எதுவும் இல்லை.

பெற்றோர்களே, மலேசியத் திறன் சான்றிதழைப் பயிற்சி நிலையத்தில் படித்து மட்டுமன்று, வேலை அனுபவத்தை மெய்ப்பித்தும் பெறலாம். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, முன் அனுபவத்தை ஏற்கும் வழியை வைத்துள்ளது. நம் பிள்ளைகள் பலர் இதை அறியார். அவனோடு அமர்ந்து விண்ணப்பத்துக்கான பணிக் குறிப்புகளை இப்போது தொகுத்துக்கொண்டிருக்கிறேன். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

ஆசிரியர்களே, அடுத்த முறை ஒளிப் பாடம் வரும்போது, பட்டறையில் ஒதுக்கிய பழைய விளக்கொன்றை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். மாணவர்கள் அதைக் கழற்றட்டும். மூடி எது, தகடு எது, சட்டம் எது என்று அவர்களே கண்டறியட்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அந்த வயதிலேயே அறிந்துகொண்டால், பதினெட்டு வயதில் கருந்தாள் ஒட்ட மாட்டார்கள்.

மிதிவண்டிப் பெரியவரைக் கடைத்தெருவில் மீண்டும் ஒருமுறை கண்டேன். மன்னிப்புக் கேட்டேன். "விளக்கைச் சரி செய்தீர்களா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். செய்துவிட்டேன் என்றேன்.