ஐந்தேகால் லட்சத்தில் ஒருவன்



போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கச்சத்தீவு பற்றிப் பெரிய சண்டை. யார் கொடுத்தார்கள், யார் தடுக்காமல் விட்டார்கள் என்று நள்ளிரவு வரை ஓடியது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார்கள். காலையில் சமாதானம் செய்து மறுபடி சேர்த்தோம். நான் வழக்கம்போல் எல்லாவற்றையும் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அந்தக் களேபரத்துக்கு நடுவில் 1984-85ஆம் வருடப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரே ஒரு வரி போட்டிருந்தான். "சார், தீவுக் கணக்கு இருக்கட்டும். எங்க கணக்கையும் ஒரு நாள் எழுதுங்க."

யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் சுருக்கென்றது. அவனிடம் போனில் பேசி, அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

அந்த வருடம் இந்தியாவின் அயல்நாட்டுக் கொள்கை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பஞ்சசீலம், அணிசேராமை, தாஷ்கண்ட் எல்லாம் முடித்துவிட்டு, இலங்கை பற்றிப் பொது அறிவுக்காக ஒரு வரி கரும்பலகையில் எழுதினேன். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 30 அக்டோபர் 1964. இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு முடிவு. "மூன்று எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போட்டித் தேர்வில் வரும்" என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து அவன் எழுந்தான். வகுப்பில் அவனுக்கு 'சிலோன்' என்று பட்டப்பெயர். நம் பையன்கள் 'சார்' என்பார்கள், அவன் 'சேர்' என்பான். அதற்கே சிரிப்பார்கள். "சேர், அப்பாவும் அம்மாவும் நானும் அந்த ஐந்தேகால் லட்சத்துல. அக்கா மூணு லட்சத்துல. அது சரியான கணக்கா சேர்?" என்றான்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. "உட்காருப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். ஓர் ஆசிரியர் செய்யக்கூடாத காரியம் அது. அவனுக்கு அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

இந்தக் கதை நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். காப்பி நோயில் அழிந்ததும் தேயிலைக்கு மாறினார்கள். வேலைக்கு ஆள் பிடிக்கக் கங்காணிகள் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் வந்தார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவை எப்படி வாட்டியது என்று உங்கள் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பசித்தவனுக்குக் கங்காணி கொடுத்த முன்பணமே பெரிது. தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடன்காரனாகத்தான் வைத்தான். என் மாணவனின் பாட்டனார் ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போனவர்.

இப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் 1947 இலங்கைப் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டு, இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அது அங்கே பலர் கண்ணை உறுத்தியது. 1948இல் நாடு விடுதலை பெற்றதும் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கமே இல்லாத காலத்தில் லயன் வீட்டில் பிறந்தவனிடம் ஏது அத்தாட்சி? 1949இல் ஓட்டுரிமையும் போயிற்று. பதிவு செய்து குடியுரிமை பெறலாம் என்று வேறொரு சட்டம் போட்டார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

மீதிப் பேரை யார் ஏற்பது? பண்டித நேருவின் நிலை தெளிவானது. அங்கே பிறந்து அங்கே உழைப்பவர்கள் அந்த நாட்டுக்காரர்கள். விரும்பி வருகிறவனை ஏற்போம், விருப்பமில்லாதவனைக் கட்டாயமாக அனுப்ப ஒப்புக்கொள்ள மாட்டோம். 1954இல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையுடன் ஓர் ஒப்பந்தம் போட்டபோதும் இதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொள்கை சரியாக இருந்தும் தோட்டத்தில் இருந்தவனுக்கு அதனால் ஒரு காகிதமும் கிடைக்கவில்லை. பதினாறு வருடம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவனாகவே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தான்.

1964 மே மாதம் நேரு மறைந்தார். ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். அப்போது நம் நாடு இருந்த நிலையையும் பார்க்க வேண்டும். 1962இல் சீனாவிடம் தோற்று இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பாகிஸ்தானுடன் உறவு சரியில்லை. இலங்கையோ சீனாவுடன் 1952 முதலே ரப்பருக்கு அரிசி வாங்கும் உடன்பாட்டில் இருந்தது. தெற்கிலாவது ஒரு நல்ல அண்டை வீடு வேண்டும் என்று டெல்லி நினைத்தது. 1964 அக்டோபர் 16ஆம் தேதி சீனா முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அதே மாதக் கடைசியில் சிறிமாவோ பண்டாரநாயக்கா டெல்லிக்கு வந்தார். 30ஆம் தேதி கையெழுத்தாயிற்று.

மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதைத்தான் கரும்பலகையில் மூன்று எண்ணாக எழுதினேன். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளும் அந்தந்தக் கணக்கிலேயே சேரும். பதினைந்து வருடத்தில் முடிக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்தார். பலனில்லை. பிறகு 'எந்த நாடு வேண்டும்' என்று படிவம் கொடுத்தபோது, இலங்கையைக் கேட்டவர்களே அதிகம். ஆனால் ஒப்பந்தம் அதிக எண்ணிக்கையை இந்தியப் பக்கம் அல்லவா எழுதியிருந்தது?

ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோனது. பாட்டன்மார் கப்பலேறிப் போன துறைமுகம் அது. பேரன்மார் திரும்பியது தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு, இராமானுஜம் கப்பலில்.

என் மாணவன் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அவன் அப்பா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். இந்தியாவுக்கு மனு போட்டார். அக்காவுக்கு அதற்குள் கல்யாணமாகி, மாப்பிள்ளை வீட்டார் இலங்கைக்கு மனு போட்டிருந்தார்கள். இரண்டு மனுவுக்கும் இரண்டு பதில் வந்தது. 1979இல் இவர்கள் புறப்பட்டபோது அக்கா ஸ்டேஷன் வரை வந்து நின்றாளாம். சேமலாப நிதிப் பணம், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மெஷின். மண்டபம் முகாமில் குடும்ப அட்டை கொடுத்தார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று பெயரும் கொடுத்தார்கள். அவன் அப்பா, தாத்தா இருவரில் தாத்தா மட்டும்தான் இங்கே பிறந்தவர். அவரும் எப்போதோ அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டார். பிறகு யார் எங்கே திரும்பினார்கள்?

ராசிபுரம் பக்கத்து ஊருக்குப் போனார்கள். பங்காளிகள் ஒரு வேளை சோறு போட்டார்கள், நிலத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நீலகிரியில் 1968இல் இவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. தொழில் கடன் கொடுத்தார்கள். இவன் அப்பாவுக்கும் கடன் கிடைத்தது. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்கு என்ன வியாபாரம் தெரியும்? ஒரு தரகரை நம்பிப் பாதியை இழந்தார். கடைசியில் அனல்மின் நிலையக் கட்டுமான வேலைக்கு மேட்டூர் வந்து சேர்ந்தார். அப்படித்தான் அந்தப் பையன் என் வகுப்புக்கு வந்தான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து பல மாதம் கடிதம் இல்லை. அவன் அப்பா வேலை முடிந்து வந்ததும் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். 1984இல் கப்பலும் நின்றுபோயிற்று. அப்போது இந்தியக் குடியுரிமை பெற்றும் கப்பலேற முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் சுமார் 84,000 பேர். இங்கே வந்து சேர்ந்தவர்கள், பிறந்த குழந்தைகளையும் சேர்த்துச் சுமார் 4.6 லட்சம் பேர்.

இப்போது உங்கள் கச்சத்தீவுக்கு வருகிறேன். 1974 ஜூனில் அந்த ஒப்பந்தம். 285 ஏக்கர், குடிக்கத் தண்ணீர் இல்லை, யாரும் குடியிருக்கவில்லை. நம் மீனவர்களின் துன்பம் பெரிது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே 1974இல், ஜனவரி மாதம், அதே இரண்டு நாட்டுப் பிரதமர்கள், மீதி வைத்திருந்த 1,50,000 பேரை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வகுத்தால் மீதியில்லாமல் வரும் கணக்கு. தீவுக்காக நள்ளிரவு வரை சண்டை போட்ட நம் குழுவில் இந்த ஜனவரியை அறிந்தவர் எத்தனை பேர்?

சாஸ்திரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. எளிமையும் நேர்மையுமாக வாழ்ந்த மனிதர். பதினாறு வருட இழுபறிக்கு ஒரு முடிவு தேடினார். அந்த முடிவால் மூன்று லட்சம் பேருக்கு அங்கே உரிமை தருவதாக இலங்கை எழுதிக் கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் அண்டை நாட்டின் நட்புக்கு நாம் கொடுத்த விலை மனிதர்களாக இருந்தது. விலையாகப் போனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மேட்டூர்க்காரர்களுக்கு இது புரிய வேண்டும். 1924இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்ட ஒப்பந்தத்தை அடுத்துத்தான் 1934இல் நம் அணை எழுந்தது. டெல்டாவில் லட்சக்கணக்கான ஏக்கர் விளைந்தது. அணைக்குள் கிராமங்கள் போயின. தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலை காட்டும், போய்ப் பார்த்திருப்பீர்கள். அன்று 'சிலோன்' பையன் கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த கொளத்தூர்ப் பையன், "எங்க தாத்தா ஊரும் தண்ணிக்குள்ளதான்டா கெடக்குது" என்றான். அன்றிலிருந்து இருவரும் இணைபிரியாத நண்பர்கள். நான் நடத்தாத பாடத்தை அவன் ஒரே வரியில் நடத்திவிட்டான்.

கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2003இல் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை. எந்தத் தேதியில் அவர்களைப் பங்கு போட்டார்களோ, அந்தத் தேதியே அவர்களுக்கு அத்தாட்சி ஆயிற்று. அப்படியானால் 1964இலேயே எல்லோரையும் அங்கேயே ஏற்றிருக்க முடியும் என்றுதானே அர்த்தம்?

கணக்கு இன்னும் முடியவில்லை. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களில் மலையகத்தாரும் உண்டு. 'மறுவாழ்வு முகாம்' என்று 2021இல் பெயர் மாறிய முகாம்களில் இன்றும் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் மனுக்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொல்லியிருக்கிறது.

என் மாணவனுக்கு இப்போது பேத்தி பிறந்துவிட்டது. அக்கா போன வருடம் நுவரெலியாவில் காலமானார். வாட்ஸ்அப் வீடியோவில்தான் முகம் பார்த்தான். அந்தக் குடும்ப அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறான். அட்டையில் நான்காவதாக ஒரு பெயர் எழுதி, அடித்திருக்கிறது. அது அக்காவின் பெயர்.

தம்பி, நாற்பது வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன். அது சரியான கணக்கு இல்லையப்பா. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் வீடுகளில் சிலோனுக்குப் போனவர்கள், வந்தவர்கள் இருந்தால், அவர்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் கீழே கருத்தில் போடுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்,
மேட்டூர்.